121 காரின் ஒட்சிசன் சென்சரை வீட்டு முற்றத்தில் மாற்றலாமா? உப்புக் காற்றில் இறுகிப்போய்க் கிடக்கிறது

உப்புவெளி121:

வணக்கம். என்னிடம் இருப்பது ரொயோட்டா கொரோலா 121, 2004ஆம் ஆண்டுக் கார், 1.5 என்ஜின். அப்பா வாங்கியது, இப்போது நான்தான் ஓட்டுகிறேன். மூன்று கிழமையாக செக் என்ஜின் லைட் அணையவே மாட்டேன் என்கிறது. முன்பு லீற்றருக்கு 12, 13 கிலோமீற்றர் ஓடிய கார், இப்போது 9 வந்தாலே பெரிய விசயம். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பின்பக்கம் பச்சைப் பெற்றோல் மணம் அடிக்கிறது, சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டால் கரி அப்பிக்கொண்டு வருகிறது.

டவுனில் ஒரு கராஜில் ஸ்கானர் போட்டுப் பார்த்தார்கள். பி0135 என்று ஒரே ஒரு பிழைக் கோட்தான் வந்தது. அதைப் பார்த்த கையோடு அந்தக் கராஜ்காரர் சொன்னது, முன் சென்சர் பின் சென்சர் இரண்டையும் மாற்ற வேண்டும், புகையைச் சுத்தமாக்குகிற கற்றலிற்றிக் கொன்வேட்டரும் போயிருக்கும், மூன்றையும் சேர்த்துச் செய்தால்தான் சரிவரும் என்று. கூட்டிப் பார்த்தால் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. அவ்வளவு காசு இப்போது என்னிடம் இல்லை. அடுத்த மாதம் ரெவனியூ லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும், அதற்கு முதல் புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும், இந்தக் கரியோடு போனால் பெயில் என்று எனக்கே தெரிகிறது.

சரி, நானே மாற்றிப் பார்ப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை காருக்குக் கீழே போனேன். சென்சரின் அடிக்கட்டை முழுக்கத் துரு, தகட்டு மூடியோடு சேர்ந்து ஒரே நிறமாகக் கிடக்கிறது. எங்கள் வீடு கடலில் இருந்து இருநூறு மீற்றர்கூட இல்லை, கார் நிற்பது தகரக் கொட்டிலில், கச்சான் காற்றோ வாடைக் காற்றோ எது வந்தாலும் உப்பு வந்து படியும் இடம். 22 ஸ்பானரைப் போட்டு இழுத்தேன், அசையவில்லை, இன்னும் இழுத்திருந்தால் முனை வழுக்கியிருக்கும் போல இருந்தது, அதனால் விட்டுவிட்டேன்.

கேட்க நினைப்பது இதுதான். வீட்டில் வைத்து இதைக் கழற்ற முடியுமா? இரண்டு சென்சரையும் மாற்றத்தான் வேண்டுமா? டென்சோ என்று சொல்லி கொழும்பில் பல விலைக்கு விற்கிறார்கள், எதை நம்புவது? முற்றம் வெறும் மணல், கொங்கிறீற் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.


பாலையூற்று_பாஸ்:

தம்பி, முதலில் அந்த ஸ்பானரைக் கீழே வையுங்கள். இழுக்காமல் விட்டது நல்ல வேலை.

பி0135 என்றால் முன் சென்சர் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. முன் சென்சருக்குள் இருக்கிற ஹீற்றர் சுற்றில் பிழை என்று மட்டும்தான் கார் சொல்கிறது. அந்தச் சுற்றில் பியூஸ் இருக்கிறது, ரிலே இருக்கிறது, வயர் இருக்கிறது, கொனெக்டர் இருக்கிறது, கடைசியில்தான் சென்சர். பின் சென்சரின் ஹீற்றருக்கு வேறு கோட், அது பி0141. உங்களுக்கு அது வரவில்லை. கொன்வேட்டர் வேலை செய்யவில்லை என்றால் பி0420 வரும், அதுவும் வரவில்லை. ஒரே ஒரு கோட்டை வைத்துக்கொண்டு மூன்று சாமான் மாற்றச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை. நான் முப்பது வருசமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அளந்து பார்க்காமல் ஒருவரின் காசைச் செலவழிக்க வைப்பது பெரிய பிழை என்றுதான் என்னோடு வேலை பழகுகிற பெடியன்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டு ஹீற்றர் கோட்டும் ஒன்றாக வந்திருந்தால் நான் முதலில் பியூஸைத்தான் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் அநேகமாக இரண்டுக்கும் கரண்ட் ஒரே வழியால்தான் போகும். உங்களுக்கு ஒன்று மட்டும் வந்திருப்பதால் சென்சர் பக்கமே சந்தேகம் கூட. ஆனாலும் அளவுங்கள். ஒரு சாதாரண மல்ரிமீற்றர் போதும்.

என்ஜின் ஆறியிருக்கும்போது சென்சரின் கொனெக்டரைக் கழற்றுங்கள். நாலு வயர் இருக்கும். அதில் ஒரே நிறத்தில் இரண்டு இருக்கும், ரொயோட்டாவுக்கு வருகிற டென்சோ சென்சரில் அவை கறுப்பு. அந்த இரண்டும்தான் ஹீற்றர். சென்சர் பக்கத்துக் கொனெக்டரில் அந்த இரண்டு முனைக்கும் இடையில் எத்தனை ஓம்ஸ் என்று பாருங்கள். சாதாரண ஒட்சிசன் சென்சர் என்றால் 11இல் இருந்து 16 வரை வரலாம், எயர் பியூவல் சென்சர் வகை என்றால் 2, 3 அளவில்தான் வரும். இரண்டில் எது வந்தாலும் ஹீற்றர் உயிரோடு இருக்கிறது, பிழையை வேறு இடத்தில் தேட வேண்டும். மீற்றர் ஒன்றுமே காட்டாமல் திறந்த சுற்றாக நின்றால் ஹீற்றர் அறுந்துவிட்டது.

அதோடு நிறுத்த வேண்டாம். கார் பக்கத்துக் கொனெக்டரில், என்ஜின் ஓடும்போது, ஹீற்றர் முனை ஒன்றில் பற்றரி வோல்ற்றேஜ் வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் பியூஸும் ரிலேயும் சரி. மற்ற ஹீற்றர் முனையை எர்த் பண்ணுவது கம்பியூட்டரின் வேலை.

இந்த இரண்டு அளவையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், கழற்றுவதைப் பற்றி அதற்குப் பிறகு கதைப்போம்.


உப்புவெளி121:

நன்றி அண்ணா. பக்கத்து வீட்டில் மீற்றர் வாங்கி அளந்தேன். கறுப்பு இரண்டுக்கும் இடையில் ஒன்றுமே இல்லை, திறந்தபடிதான். கார் பக்கத்தில் 13.9 வோல்ற் வருகிறது. பின் சென்சரையும் சும்மா அளந்தேன், 13 ஓம்ஸ் காட்டியது. அப்படியென்றால் முன் சென்சர் மட்டும்தான் போலும். இரண்டு மூன்று தரம் அளந்து பார்த்தேன், அளவு மாறவில்லை.


பாலையூற்று_பாஸ்:

வடிவாக அளந்திருக்கிறீர்கள். முன் சென்சர் ஒன்று மட்டும் போதும். பின் சென்சரையும் கொன்வேட்டரையும் தொட வேண்டாம்.

சாமான் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய சென்சரின் அடிக்கட்டையிலோ கொனெக்டரிலோ ரொயோட்டா இலக்கம் இருக்கும். 89465 என்று தொடங்கினால் ஒட்சிசன் சென்சர். 89467 என்று தொடங்கினால் எயர் பியூவல் சென்சர். இரண்டும் வெளியில் ஒரே மாதிரி, நூலும் ஒன்றுதான், சில நேரம் கொனெக்டர்கூடப் பொருந்திவிடும். ஆனால் வேலை செய்யும் விதம் வேறு, ஹீற்றர் இழுக்கிற கரண்ட் வேறு. ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் கார் ஒருநாளும் சரியாக ஓடாது. கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில் இருந்து பஸ்ஸில் அனுப்பிவிடச் சொல்லும்போது காரின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், அந்த இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

வயர் வெட்டி ஒட்டுகிற பொதுச் சென்சர் மலிவாக வரும். முடிந்தவரை வேண்டாம். கொனெக்டரோடு வருவதையே எடுங்கள். வயரை ஈயம் வைத்து ஒட்டுவது இந்தச் சென்சருக்கு ஆகாது, பல சென்சர்கள் வெளிக்காற்றை அந்த வயருக்குள் இருக்கிற இடைவெளியால்தான் உள்ளே எடுக்கின்றன, ஈயம் ஊறிப்போய் அந்த வழியை அடைத்துவிடும். அதே காரணத்துக்காகக் கொனெக்டருக்குள் கிறீஸ், டபிள்யூடி 40 ஒன்றும் அடிக்கக் கூடாது.

ஜப்பானில் கழற்றி வந்த பழைய சென்சரும் விற்கிறார்கள். என் அனுபவத்தில் அது காசைக் கடலில் போடுகிற வேலை. எத்தனை வருசம் புகை தின்றது என்று யாருக்குத் தெரியும்?


உவர்மலை_ரீச்சர்:

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, நான் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன், இந்தச் சென்சரை வகுப்பில் காட்டுவதற்காகவே பழையது ஒன்றை மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.

ஹீற்றர் அறுந்தால் ஏன் பெற்றோல் கூடக் குடிக்கிறது என்று தம்பிக்குத் தெரிந்தால் வேலை செய்யும்போது மனம் தெளிவாக இருக்கும். சென்சரின் நுனியில் இருப்பது சிர்க்கோனியா என்கிற ஒரு மட்பாண்டப் பொருள், ஒரு விரல் உறை மாதிரி, அதன் உள்ளும் புறமும் பிளாட்டினம் பூசியிருக்கும். வெளிப்பக்கத்தில் புகை படுகிறது, உள்பக்கத்தில் நாம் சுவாசிக்கிற காற்று. இரண்டு பக்கமும் ஒட்சிசன் அளவு வேறுபட்டால் வோல்ற்றேஜ் பிறக்கும். புகையில் ஒட்சிசன் குறைவு, பெற்றோல் கூட என்றால் 0.9 வோல்ற் அளவுக்கு ஏறும். காற்றுக் கூடினால் 0.1 அளவுக்கு இறங்கும். பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு, எடைக் கணக்கில், அந்த இடத்தைத் தாண்டும்போதுதான் இந்தத் துள்ளல். கார்க் கம்பியூட்டர் இதைப் பார்த்துப் பார்த்து பெற்றோலைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும்.

ஆனால் அந்தச் சிர்க்கோனியா 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் ஒட்சிசன் அயன்களை உள்ளே நகரவிடும். கல் காயாமல் தோசை வராது என்பது போலத்தான். கல்லைக் காயவைப்பதுதான் ஹீற்றரின் வேலை. அது இல்லையென்றால் புகையின் சூட்டை நம்பி இருக்க வேண்டும். ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும் கம்பியூட்டர் சென்சர் சொல்வதை நம்பாமல், தன்னிடம் முன்பே எழுதி வைத்த கணக்குப்படி பெற்றோல் விடும். அந்தக் கணக்கில் என்ஜினைக் காக்க பெற்றோல் கொஞ்சம் தாராளமாகத்தான் இருக்கும். உப்புவெளியில் இருந்து டவுனுக்கு ஐந்து ஆறு கிலோமீற்றர். ஹபரணைக்கோ கொழும்புக்கோ போகிற நீண்ட ஓட்டம் இல்லாமல் தினமும் இவ்வளவு குறுகிய ஓட்டம்தான் என்றால் கரி இன்னும் கூடப் படியும். தம்பியின் விரலில் அப்பிய கரி அதுதான்.

இதைத் தள்ளிப்போடவும் கூடாது. எரியாத பெற்றோல் கொன்வேட்டருக்குள் போய் எரிந்தால் அதன் உள்ளே இருக்கிற தேன்கூடு அளவுக்கு மேல் சூடாகி உருகும். இன்று ஒரு சென்சரோடு முடிகிற விசயம் அப்போது உண்மையாகவே பெரிய செலவாகிவிடும்.

பிள்ளைகளுக்குச் சொல்கிற ஒன்றை இங்கும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சென்சர் முதன்முதலில் ஒரு விற்பனைக் காரில் வந்தது 1976இல், பொஷ் செய்தது, வொல்வோவின் 240 வரிசைக் காரில், கலிபோர்னியாவின் கடுமையான புகைச் சட்டத்துக்காக. ஈயம் இந்தப் பிளாட்டினப் பூச்சை நஞ்சுபோலக் கெடுத்துவிடும், அதனால் ஈயமில்லாத பெற்றோல் இல்லாத இடத்தில் இந்தச் சென்சர் பிழைக்காது. நமது நாட்டில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல்தான் நின்றது.


மட்டிக்களி_ரைடர்:

என்னைக் கேட்டால் கொன்வேட்டரைக் கழற்றி விற்றுவிடுங்கள் அண்ணா. உள்ளே பிளாட்டினம் இருக்கிறது என்று வீட்டுக்கே வந்து வாங்குகிறார்கள். அந்தக் காசில் சென்சரும் வாங்கலாம், காரும் நன்றாக இழுக்கும்.


பாலையூற்று_பாஸ்:

அதைச் செய்ய வேண்டாம் தம்பி. புகைப் பரிசோதனையில் பெற்றோல் காருக்கு என்ஜினைச் சும்மா ஓடவிட்டும் 2500 சுற்றில் வைத்தும் கார்பன் மொனொக்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் பார்ப்பார்கள். கொன்வேட்டர் நன்றாக இருக்கிற காரில் அதை எடுத்துவிட்டு அங்கே போய் நிற்பது எதற்கு? அதோடு பின் சென்சரும் தேவையில்லாமல் முறைப்பாடு செய்யத் தொடங்கும். எங்கள் பிள்ளைகள் சுவாசிக்கிற காற்று அது. டவுனில் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஒருதரம் நின்று பாருங்கள்.


கங்கைக்கரை_கிண்ணியா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இறுகின சென்சரைக் கழற்றுகிற விசயத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் இதை நான் பிழையாகச் செய்து பட்டிருக்கிறேன்.

நான் போன வருசம் என் வேனில் என்ஜின் குளிராக இருக்கும்போது, வாய் திறந்த ஸ்பானரைப் போட்டு, அதன் வாலில் ஒரு பைப்பைச் செருகி ஒரே இழுவை இழுத்தேன். முதலில் அறுகோணத்தின் முனைகள் உருண்டன. பிறகு பைப் ரெஞ்ச் போட்டேன், சென்சர் வந்தது, ஆனால் மனிபோல்டின், அதாவது என்ஜினில் இருந்து புகை வெளியேறுகிற குழாயின், நூலையும் பிடுங்கிக்கொண்டு வந்தது. வெளியே வந்த சென்சரின் நூலுக்குள் வெள்ளி வெள்ளியாக இரும்புச் சுருள் சுற்றிக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வராத குறை. மனிபோல்ட் முழுவதையும் இறக்கி லேத்துக்குக் கொண்டுபோய், துளையைப் பெருப்பித்து, உள்ளே ஒரு புஷ் வைத்து, 18க்கு 1.5 நூல் புதிதாக வெட்டி, மூன்று நாள் வேலை. சென்சரின் விலையைவிட அது கூட.

தம்பி இந்தப் பிழையைச் செய்யக் கூடாது என்றுதான் நீளமாக எழுதுகிறேன்.

முதல்நாள் பின்னேரம் சென்சர் மனிபோல்டைச் சந்திக்கிற விளிம்பில் மட்டும் துரு கழற்றுகிற எண்ணெயை விடுங்கள். நல்லதாக ஒன்று வாங்குங்கள், இரவு முழுக்க ஊறட்டும், படுக்கப் போக முன்னம் இன்னொரு தரம் விடுங்கள். கொனெக்டர் பக்கம் ஒரு துளியும் போகக் கூடாது. விடிய என்ஜினை ஒரு ஐந்து பத்து நிமிசம் ஓடவிட்டு நிறுத்துங்கள். எண்ணெய் புகையும், பயப்பட வேண்டாம், கண்ணை மட்டும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். சூட்டில் மனிபோல்டின் துளை கொஞ்சம் விரியும், துருவின் பிடியும் விடும். கொதிக்கக் கொதிக்கச் செய்ய வேண்டாம், தடித்த தோல் கையுறை போட்டுத் தாங்கிக்கொள்ளக் கூடிய சூடு போதும். சிலர் காஸ் ரோச் அடிக்கச் சொல்வார்கள், வீட்டு முற்றத்தில் பெற்றோல் லைன் பக்கத்தில் இருக்கும்போது நெருப்பு வேண்டவே வேண்டாம்.

அடுத்தது ஆயுதம். வாய் திறந்த ஸ்பானரைத் தூக்கிப் போடுங்கள். பக்கத்தில் வெட்டு விட்ட 22 சென்சர் சொக்கற் விற்கிறது, வயர் அந்த வெட்டால் வெளியே வரும். அது இல்லையென்றால் பழைய சென்சர் எப்படியும் குப்பைக்குத்தான், வயரை வெட்டிவிட்டு 22 ரிங் ஸ்பானரை மேலால் இறக்குங்கள். ரிங் ஆறு பக்கமும் பிடிக்கும், உருளாது. ஆனால் புதுச் சென்சர் கையில் வந்து, அதன் கொனெக்டர் பொருந்துகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் வயரை வெட்ட வேண்டும்.

கழற்றும்போது ஒரே இழுவை வேண்டாம். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு சின்னத் தட்டு. பிறகு கழற்றுகிற பக்கம். சத்தம் கவனியுங்கள், 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் நல்லது, பிடி விட்டுவிட்டது. கிறீச் என்று அழுதுகொண்டு திரும்பினால் நூல் அரைபடுகிறது, நிறுத்துங்கள். இன்னும் எண்ணெய் விட்டு, கால் சுற்றுக் கழற்றினால் அரைக்கால் சுற்றுத் திருப்பி இறுக்கி, அப்படி முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுங்கள். ஒரு மணித்தியாலம் போனாலும் போகட்டும்.

மணல் முற்றம் என்று சொன்னது நல்லது. ஜாக்குக்குக் கீழேயும் ஸ்டாண்டுக்குக் கீழேயும் தடித்த பலகை வையுங்கள், ஒன்றரை அடி அகலமாவது இருக்கட்டும். மணலில் ஜாக் ஒரு பக்கம் அமிழ்ந்தால் கார் சாயும். ஜாக்கை மட்டும் நம்பி ஒருநாளும் கீழே போக வேண்டாம். சில்லுக்குக் கட்டை கொடுங்கள், வீட்டில் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.


உப்புவெளி121:

நானா, நீங்கள் எழுதியதை அச்சடித்து வைத்துக்கொண்டுதான் செய்யப் போகிறேன். சென்சர் நேற்று பஸ்ஸில் வந்தது. பழையதின் இலக்கமும் புதியதின் இலக்கமும் ஒன்று, 89465தான். கொனெக்டர் பொருந்துகிறது. புதுச் சென்சரின் நூலில் ஏற்கெனவே சாம்பல் நிறத்தில் ஒரு பசை பூசி வந்திருக்கிறது, அதற்கு மேல் நான் ஏதாவது பூச வேண்டுமா? எவ்வளவு இறுக்க வேண்டும்? என்னிடம் டோர்க் ரெஞ்ச் இல்லை.


பாலையூற்று_பாஸ்:

அந்தச் சாம்பல் பசைதான் இறுகாமல் காப்பது, அது போதும், மேலே ஒன்றும் வேண்டாம். துடைத்துவிடவும் வேண்டாம். நுனியில் இருக்கிற துளை போட்ட மூடியில் பசையோ எண்ணெயோ விரலோ படக் கூடாது. பிளாஸ்ரிக் மூடியைக் கடைசி நிமிசத்தில் கழற்றுங்கள். நிலத்தில் விழுத்த வேண்டாம், உள்ளே இருப்பது மட்பாண்டம், வெளியில் ஒரு கீறலும் தெரியாமல் உள்ளே வெடித்துவிடும்.

முதலில் கையால் மட்டும் திருகிப் பாருங்கள். நாலு ஐந்து சுற்று விரலாலேயே போக வேண்டும். இரண்டு சுற்றில் இறுகினால் நூலுக்குள் துரு அல்லது கோணல், வெளியே எடுத்துத் துளையைத் துப்புரவாக்க வேண்டும், கட்டாயப்படுத்த வேண்டாம்.

இறுக்குவது சுமார் 44 நியூற்றன் மீற்றர். டோர்க் ரெஞ்ச் இரவல் வாங்க முடிந்தால் அதுதான் நல்லது, என்னிடம் வாங்கலாம், பாலையூற்றுப் பக்கம் வந்தால் கேளுங்கள். முடியாவிட்டால் கணக்கு இப்படி: சென்சரில் இருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, 15 கிலோ அரிசிப் பையைத் தூக்குகிற அளவு விசை. அதற்கு மேல் ஒரு இழுவைகூட வேண்டாம். அடுத்த தடவை இதைக் கழற்றப் போகிறவரும் நீங்கள்தான்.


உப்புவெளி121:

முடித்துவிட்டேன்! இன்று விடியவே தொடங்கினேன், வெயில் ஏற முன்னம்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், இதே வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும். முந்தநாள் பின்னேரமும் நேற்று இரவும் எண்ணெய் விட்டேன். இன்று காலை எட்டு நிமிசம் என்ஜினை ஓடவிட்டு, கால் மணித்தியாலம் ஆறவிட்டு, வயரை வெட்டி, ரிங் ஸ்பானரை இறக்கினேன். முதல் தட்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது இழுவையில் நானா சொன்ன அந்த 'டக்'. தம்பி வெளியில் நின்றவன், ஏதோ உடைந்துவிட்டது என்று ஓடி வந்தான். அதற்குப் பிறகு முன்னும் பின்னும் ஆட்டி முக்கால் மணித்தியாலம். வெளியே வந்த நூலில் துரு மட்டும்தான், இரும்புச் சுருள் ஒன்றும் இல்லை. மனிபோல்டின் நூலைப் பல் துலக்குகிற பழைய பிரஷ்ஷால் துப்புரவாக்கினேன். புதியது கையாலேயே ஐந்து சுற்றுப் போனது. பாஸ் அண்ணாவின் டோர்க் ரெஞ்சை நேற்றே வாங்கி வந்திருந்தேன், அதனால் கணக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. மிக்க நன்றி அண்ணா.

கோட்டை அழிக்க எனது மலிவு புளூடூத் ஸ்கானரைப் போட்டேன், காரோடு பேசவே இல்லை. பற்றரியைக் கழற்றினால் ஜப்பான் ரேடியோ பூட்டிக்கொள்ளும் என்று பயந்து, என்ஜின் கம்பியூட்டருக்குக் கரண்ட் போகிற ஈஎப்ஐ பியூஸை மட்டும் ஒரு நிமிசம் இழுத்து வைத்துத் திரும்பப் போட்டேன். லைட் அணைந்தது. முதல் ஐந்து நிமிசம் ஐட்லிங் ஏறி இறங்கியது, பிறகு சீராகிவிட்டது. நிலாவெளி வரைக்கும் போய் வந்தேன், லைட் வரவில்லை.

இன்னொரு விசயம். பழைய சென்சரை மேசையில் வைத்து வடிவாகப் பார்த்தேன். நுனியில் காய்ந்த கறுப்புக் கரி. ஆனால் வயரில், அடிக்கட்டையில் இருந்து ஒரு சாண் தள்ளி, மேல் உறை உருகித் தேய்ந்து, உள்ளே ஒரு கறுப்பு வயர் அறுந்து கிடக்கிறது. காருக்குக் கீழே திரும்பப் போய்ப் பார்த்தால் அந்த வயரைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய சின்ன இரும்புக் கிளிப் துருப்பிடித்து உதிர்ந்துபோயிருக்கிறது, அடி மட்டும் மிச்சம். வயர் தொங்கித் தகட்டு மூடியில் உரசி இருக்கிறது. இப்போதைக்குப் பிளாஸ்ரிக் ரையால் கட்டி வைத்திருக்கிறேன். சரியா?


கங்கைக்கரை_கிண்ணியா:

மாஷா அல்லாஹ், நல்ல வேலை தம்பி. ஆனால் அந்தப் பிளாஸ்ரிக் ரையை இன்றைக்கே மாற்றுங்கள். அந்த இடத்துச் சூட்டில் அது ஒரு மாதமும் நிற்காது, உருகி விழுந்தால் புது வயரும் அதே தகட்டில்தான் போய் உரசும். ஹார்ட்வெயார் கடையில் ஸ்ரெயின்லெஸ் ஹோஸ் கிளிப் சின்னது ஒன்று வாங்கி, பழைய கிளிப்பின் அடியில் பிடித்து, வயரைச் சுற்றி சூடு தாங்குகிற கண்ணாடி நார் உறை போட்டுக் கட்டுங்கள். வயரை இறுக்கி இழுத்துக் கட்டவும் வேண்டாம், என்ஜின் ஆடும்போது கொஞ்சம் தளர்வு வேண்டும்.


உவர்மலை_ரீச்சர்:

தம்பி, அந்தப் பழைய சென்சரை எறிய வேண்டாம். அறுந்த வயரும் கரியும் அப்படியே இருக்கட்டும், எனது லாச்சியில் இருப்பதோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குக் காட்ட நன்றாக இருக்கும்.


உப்புவெளி121:

ரீச்சர், திங்கட்கிழமை கொண்டு வந்து தருகிறேன். நானா, ஸ்ரெயின்லெஸ் கிளிப் பூட்டியாயிற்று, தகட்டில் இருந்து இப்போது இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது. உறை இங்கே கிடைக்கவில்லை, கொழும்புக்குச் சொல்லியிருக்கிறேன். புகைப் பரிசோதனைக்கு வெள்ளிக்கிழமை போகிறேன், அதற்குள் ஒரு தடவை கந்தளாய் வரைக்கும் ஓட்டி, உள்ளே இருக்கிற பழைய கரியை எரியவிட்டுக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன்.